தேன் தராத தேனீக்களை வீட்டுக்கு வரவழைப்பது எப்படி

மூன்று வருடங்களுக்கு முன்பு வரை என் பூசணிக்கொடியில் பிஞ்சு நிற்காது. கொடி வேலி தாண்டி ஓடும். காலையில் பார்த்தால் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பெண்பூவின் அடியில் எலுமிச்சை அளவு உருண்டையும் இருக்கும். நாலைந்து நாளில் அது வெம்பி, பழுப்பாகி, தொட்டால் உதிரும். உரம் போதவில்லையோ என்று உரம் வைத்தேன். தண்ணீர் அதிகமோ என்று குறைத்தேன். கடைசியில் வண்ணம் தீட்ட வைத்திருந்த தூரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு விடிந்ததும் போய், ஆண்பூவின் மகரந்தத்தைத் தொட்டுப் பெண்பூவின் நடுவில் தடவினேன். தடவிய பூக்கள் பெரும்பாலும் காய்த்தன, விட்டுப்போனவை விழுந்தன. ஆக, கொடிக்கு நோய் இல்லை. வேலைக்கு ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. விடியும்போது திறக்கும் பூ முற்பகலுக்குள் வாடிவிடும். அதன் மகரந்தத் துகள் பெரியது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. யாராவது உடம்பில் ஒட்டிக்கொண்டு சுமந்து வரவேண்டும், அதுவும் அந்தச் சில மணி நேரத்துக்குள்.

தூரிகையோடு நின்றது நான் மட்டும் இல்லை. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். 1981-ல் கேமரூனிலிருந்து, அந்த மரத்தின் பூவிலேயே பிறந்து வளரும் ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு அந்த வேலைக்கு அவசியமே இல்லாமல் போனது. வனிலாவுக்கு அப்படி ஒரு விடிவு வரவில்லை. 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியையும் கட்டைவிரலையும் வைத்து அந்தப் பூவைச் சூல்கொள்ள வைக்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றைக்கும் வனிலாத் தோட்டங்களில் அந்தக் கைவேலைதான் நடக்கிறது. என்னிடம் இருந்தது ஆறு கொடி. ஆறு கொடிக்கே எனக்கு இடுப்பு விட்டுப்போனது.

சரி, ஆளை வரவழைப்போம் என்று முடிவு செய்தேன். எல்லோருக்கும் தோன்றுவதே எனக்கும் முதலில் தோன்றியது: ஒரு தேனீப் பெட்டி வாங்கி வைத்துவிடலாம்.

பெட்டி வாங்குவதற்கு முன்

நல்லவேளை, வாங்கவில்லை. தேனீ என்றதும் தேன்கூடுதான் நம் கண்ணில் வருகிறது. ஆனால் உலகில் இதுவரை அறியப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். அவற்றில் நாம் பெட்டியில் வளர்க்கும் வகையும் அதன் நெருங்கிய சொந்தங்களும் பத்து, பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். மிச்சத்தில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. ராணி கிடையாது, படை கிடையாது. ஒரே ஒரு தாய், தானே இடம் பார்த்து, தானே கூடு கட்டி, தானே மகரந்தம் சுமந்து வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்ச்சேரும். தேன் சேர்த்து வைப்பதில்லை என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதும் இல்லை.

ஒரு பெட்டியில் இருப்பவை ஆயிரக்கணக்கான வாய்கள். பூ குறைவாக உள்ள இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால், அங்கே ஏற்கெனவே அரை வயிற்றோடு இருக்கும் காட்டுத் தேனீக்களின் பங்கையும் அவை எடுத்துக்கொள்ளும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள வீட்டுக்கு விருந்தாளிகளைக் கூட்டி வருவது மாதிரி. தேன் வேண்டுமென்றால் பெட்டி வையுங்கள், தப்பில்லை. காய் பிடிக்க வேண்டுமென்றால் அது மட்டும் போதாது. உலகம் முழுக்க 41 பயிர் முறைகளில், 600 வயல்களைப் பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பூவுக்கு வரும் காட்டுப் பூச்சிகள் கூடும்போது காய்ப்பிடிப்பு எவ்வளவு ஏறியதோ, வளர்ப்புத் தேனீக்கள் அதே அளவு கூடும்போது அதில் பாதிதான் ஏறியது.

தக்காளியையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவு. இவற்றின் மகரந்தப்பை மூடிய குழாய் மாதிரி, நுனியில் மட்டும் ஓட்டை உள்ளது. உப்பு டப்பாவைக் குலுக்குவதுபோல் குலுக்கினால்தான் தூள் கொட்டும். தச்சுத் தேனீ, நீலப்பட்டைத் தேனீ போன்றவை பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் சிறகின் தசையை மட்டும் அதிரவைக்கும். ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பக்கத்தில் நின்றால் தூள் கொட்டுவதே தெரியும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், காற்று ஆட்டினாலும் கொஞ்சம் காய்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அதிரவைக்கும் தேனீ வந்துபோன பூவில் பிடிக்கும் காயே தனி. மூடிய பசுமைக்குடிலில் வளர்ப்பவர்கள் மின்சாரப் பல்துலக்கியைப் பூக்காம்பில் வைத்து அதிரவைப்பதும் இதற்காகத்தான்.

பயமுறுத்தல் ஒன்றை இங்கேயே ஓரம் கட்டிவிடுகிறேன். தேனீ அழிந்தால் நாலே வருடத்தில் மனிதனும் அழிவான் என்று ஐன்ஸ்டீன் பெயரில் ஒரு வாசகம் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று கிடையாது. நெல், கோதுமை, மக்காச்சோளம் எதற்கும் தேனீ வேண்டாம். ஆனால் உலகின் முக்கிய உணவுப் பயிர்கள் 115-ஐ எடுத்துப் பார்த்தால், அவற்றில் 87 பயிர்கள் பூவுக்கு வரும் உயிர்களால் ஓரளவாவது கூடுதலாகக் காய்க்கின்றன. வயிறு நிறையும், தட்டில் காயும் பழமும் பருப்பும் குறையும். அதுவே போதிய காரணம், அழிவுக் கதை தேவையில்லை.

முதல் வேலை: உட்கார்ந்து எண்ணுவது

எதையும் நடாதீர்கள், வாங்காதீர்கள். ஒரு முக்காலி, ஒரு நோட்டு, பத்து நிமிடம் போதும். பூத்திருக்கும் ஒரே ஒரு செடியின் முன் உட்கார்ந்து, யார் யார் வருகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். பூசணிக்கு விடிந்ததும், மற்றவற்றுக்கு வெயில் ஏறிய பிறகு. மழையிலும் பலத்த காற்றிலும் எண்ணிப் பயனில்லை. என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: எறும்பு 11, ஈ 2, பெரிய கறுப்பு 1 (உட்காரவில்லை, போய்விட்டது). எறும்பு தேனை மட்டும் குடித்துவிட்டுப் போகிற ஆள், கணக்கில் வராது.

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, வகை பிரிக்கத் தெரிந்தால் போதும். ஈக்கு இரண்டு சிறகு, தேனீக்கு நான்கு. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டு, குளவி மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு, அந்தரத்தில் ஆடாமல் நிற்பது பெரும்பாலும் ஒரு வகை ஈதான். அதை விரட்டாதீர்கள். அதுவும் மகரந்தம் கடத்தும், அந்த வகையில் பலவற்றின் புழுக்கள், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று தீர்க்கும். காலில் மஞ்சள் பொட்டலம் கட்டிக்கொண்டு போனால் தேனீ. வயிற்றின் அடிப்பக்கம் முழுக்க மஞ்சள் அப்பியிருந்தால் அநேகமாக இலைவெட்டித் தேனீ. ரோஜா இலையின் ஓரத்தில் யாரோ காசு வைத்து வெட்டியதுபோல் வட்டம் வட்டமாகக் காணாமல் போயிருந்தால் அதுவும் இதன் வேலைதான். செடிக்கு ஒன்றும் ஆகாது. நான் முதலில் பார்த்தபோது புழு என்று நினைத்து இலை இலையாகத் திருப்பித் தேடினேன்.

ஒருநாள் சாயங்காலம் காய்ந்த தண்டு ஒன்றில் நீலப்பட்டைத் தேனீக்கள் ஐந்து, தாடையால் தண்டைக் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கின. செத்துவிட்டன என்றே நினைத்தேன். ஆண்கள் இரவில் தூங்கும் விதமே அப்படித்தானாம். அதன்பின் காய்ந்த தண்டுகளை வெட்டி எறிவதை நிறுத்திவிட்டேன்.

வெறும் மண்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டேன். தனித்தேனீக்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு மண்ணுக்குள் கூடு கட்டுபவை. என் தோட்டத்தில் வெறும் மண்ணே கிடையாது. ஈரம் காக்க எங்கும் வைக்கோல் மூடாக்கு, நடைபாதைக்குக் கல், மிச்ச இடத்தில் களை வராமல் நெகிழித்தாள். மூடாக்கு நல்லது என்று படித்துப் படித்து, ஒரு சாண் மண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை. பூ இருந்தது, குடியிருக்க இடம் இல்லை.

அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. வேலியோரம் சின்னச் சின்ன மண்குவியல்கள், நடுவில் பென்சில் நுழையும் துளை. எறும்புப் புற்று என்று வெந்நீர் ஊற்றினேன், இரண்டு வருடம் தொடர்ந்து. துளை அவ்வளவு பெரிதாக இருந்து, எறும்பு வரிசையும் இல்லையென்றால் வெந்நீரைக் கீழே வையுங்கள். வெயில் ஏறியதும் ஐந்து நிமிடம் பாருங்கள். உள்ளேயிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கும்.

செய்யவேண்டியது சுலபம். நாள் முழுக்க, இல்லாவிட்டால் காலையிலாவது வெயில் விழும் இடம், தண்ணீர் தேங்காத மேடு, கொஞ்சம் சரிவாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு கைகளையும் விரித்த அகலத்துக்கு ஒரு சதுரம் போதும். களையைக் கையால் பறித்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். கொத்தவேண்டாம், உரம் வேண்டாம், மூடாக்கு வேண்டாம், குழாய்த் தண்ணீர் படவேண்டாம். முட்டை உள்ளே போய்விட்டால் அடுத்த தலைமுறை பல மாதம் அங்கேயே கிடக்கும். நடுவில் கொத்தினால் எல்லாம் போச்சு. என் சதுரத்துக்கு முதல் வருடம் யாரும் வரவில்லை. வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்து, “இங்கே என்ன நடப்போறே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் வருடம் நாலு துளை. இப்போது எண்ணுவதில்லை, மிதித்துவிடாமல் இருக்க நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறேன்.

குழாய் வீடு

மண்ணுக்குள் போகாதவற்றில் பல, மரத்துளையிலும் காய்ந்த தண்டின் பொந்திலும் குடியிருப்பவை. இவற்றுக்கு நாமே வீடு கட்டலாம், ஆனால் கடையில் அழகாக விற்பதை நம்பாதீர்கள். நான் வாங்கிய முதல் வீட்டில் கூரை இருந்தது, வண்ணம் இருந்தது, பைன் காய், வைக்கோல், மரச்சீவல் எல்லாம் அடைத்திருந்தார்கள். குழாய்கள் விரல் நீளம்தான், இரண்டு பக்கமும் திறந்து கிடந்தன. குடி வந்தவை சிலந்தியும் கரப்பானும். போதாக்குறைக்கு அதைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தேன். காற்றில் ஊஞ்சலாடும் வீட்டில் யார் முட்டையிடுவார்கள்?

இரண்டாவதை நானே செய்தேன். காய்ந்த மெல்லிய மூங்கிலை, கணு ஒரு முனையில் வருகிற மாதிரி வெட்டவேண்டும். கணுவே பின்சுவர், இன்னொரு முனை வாசல். உள்துளை 3 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டர் வரை பல அளவில் கலந்திருக்கட்டும், ஆளுக்கேற்ற அளவை அவையே தேர்ந்தெடுக்கும். நீளம் 15 சென்டிமீட்டர். வாசலை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்கவேண்டும், சிலாம்பு இருந்தால் சிறகு கிழியும். இருபது, முப்பது குழாய்களைக் கட்டி, முன்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் கூரையோடு ஒரு பெட்டிக்குள் அடைத்து, இடுப்பு உயரத்துக்கு மேலே, ஆடாமல், காலை வெயில் முகத்தில் படும்படி சுவரில் ஆணியடித்துப் பொருத்தினேன்.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தாய்த்தேனீ குழாயின் அடியிலிருந்து தொடங்கும். மகரந்தமும் பூந்தேனும் பிசைந்த உருண்டை ஒன்று, அதன்மேல் ஒரு முட்டை, பிறகு இலையாலோ மண்ணாலோ ஒரு தடுப்புச் சுவர். அப்புறம் அடுத்த அறை. இப்படியே வாசல் வரை. எந்த முட்டை பெண், எது ஆண் என்று தீர்மானிப்பதும் அவள்தான்: விந்து சேர்த்து இட்டால் பெண், சேர்க்காமல் இட்டால் ஆண். பெண்களைப் பத்திரமாக உள்ளே வைத்து, முதலில் வெளியே வரப்போகும் ஆண்களை வாசல் பக்கம் வைப்பாள். குழாய் குட்டையாக இருந்தால் பெண்கள் குறைந்துபோவார்கள். அடுத்த வருடம் கூடு கட்ட ஆள் இருக்காது.

வாசல் இலையாலோ மண்ணாலோ அடைபட்டிருந்தால் கைவைக்காதீர்கள். குலுக்கிப் பார்க்கவேண்டாம், குச்சி விட்டுக் குத்தவேண்டாம். அடைப்பில் வட்டமாக ஓட்டை விழுந்து உள்ளே காலியானதும் அந்தக் குழாயை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகுங்கள். பழைய குழாயையே வருடக்கணக்கில் வைத்தால் பூஞ்சணமும் உண்ணியும் குடியேறி, நீங்கள் கட்டியது வீடா பொறியா என்று ஆகிவிடும். நூறு குழாய் வைத்த ஒரே மாளிகையைவிட, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நாலு குடிசை மேல். நோய் ஒன்றில் வந்தாலும் மற்றது தப்பும்.

இதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் ஓடி வந்தாள். “அக்கா, உங்க சுவத்துல குளவி கூடு வெச்சிருக்கு, வீட்ல மருந்து இருக்கு, அடிச்சுரவா?” என்றாள். நான் அவளை முக்காலியில் உட்காரவைத்துக் காட்டினேன். கூட்டமாக வாழ்பவை தங்கள் கூட்டையும் சேமிப்பையும் காக்கக் கொட்டும். தனித்தேனீக்கு அப்படிக் காக்க எதுவும் இல்லை, கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய கொட்டாது. ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. பெரிய கருப்புத் தச்சுத் தேனீ முகத்துக்கு நேரே வந்து இரைவது வெறும் மிரட்டல். அவள் முழுசாக நம்பவில்லை, ஆனால் மருந்தை எடுத்து வரவும் இல்லை. கூட்டமாகத் தொங்கும் குளவிக்கூடு என்றால் அது வேறு, அங்கே தள்ளி நில்லுங்கள்.

பூ, மருந்து, மற்றவை

பூ விஷயத்தில் நான் கற்றது ஒன்றுதான்: ஒரே மாதத்தில் நூறு பூப்பதைவிட, எல்லா மாதமும் பத்துப் பூப்பது மேல். நோட்டில் மாதம் போட்டு எது எப்போது பூக்கிறது என்று எழுதினால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். என் தோட்டத்தில் பூசணி ஓய்ந்ததும் ஒன்றரை மாதம் சூனியம். கொத்தமல்லியையும் துளசியையும் கிள்ளாமல் பூக்கவிட்டதில் பாதி ஓட்டை அடைபட்டது, சூரியகாந்தி மீதியை அடைத்தது. ஒரே வகையைக் கொத்தாக நடுங்கள், ஒவ்வொன்றாகச் சிதறவிட்டால் தேனீக்கு அலைச்சல். சின்னத் தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் போவதில்லை. இதழ்மேல் இதழாக அடுக்கிய அலங்காரப் பூக்களைப் பெரிதும் நம்பவேண்டாம். பலவற்றில் மகரந்தத் தண்டுகளே இதழாக மாறிப்போயிருக்கும், உள்ளே வழியும் இருக்காது. தேனீக்குச் சிவப்பு தெரியாது, ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா தெரியும். நீலமும் ஊதாவும் மஞ்சளும் வைத்தால் தவறாது.

மருந்து அடிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அசுவினி வந்தால் எனக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் பூத்திருக்கும் செடியில் எதையும் அடிக்காதீர்கள். வேப்பெண்ணெயும் இதில் சேர்த்தி, இயற்கை மருந்து என்பதால் தேனீமேல் பட்டால் ஒன்றும் ஆகாது என்று இல்லை. தவிர்க்கவே முடியாதென்றால் இருட்டிய பிறகு, பூ இல்லாத இலையில் மட்டும். செடி உறிஞ்சி உடம்பெல்லாம் பரப்பிக்கொள்ளும் மருந்துகள்தான் ஆபத்தானவை, மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் அவை வந்து சேரும். இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயமீதாக்சாம் மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை போட்டது அதனால்தான். நாற்று வாங்கும்போதும் மருந்தில் நனைத்ததா என்று கேளுங்கள். விற்பவர் முகம் மாறினால் வேறு இடம் பாருங்கள்.

தண்ணீருக்கு ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் தலை வெளியே தெரியும்படி ஊற்றினால் போதும். கொசு வராமல் அடிக்கடி மாற்றுங்கள். மண்ணால் சுவர் எழுப்பும் வகைகளுக்காக ஒரு மூலையில் சேறு இருக்கட்டும். மரத்தடிச் சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். கொக்கோவின் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது குண்டூசித் தலையளவு ஈக்கள், அவை வளர்வது இப்படி அழுகும் சருகில்தான். இரவில் தோட்டத்து விளக்கை அணைத்துவிடுங்கள், இருட்டியபின் மணக்கும் வெள்ளைப் பூக்களுக்கு விட்டில்கள் வரவேண்டும்.

போன வாரம் பூசணிக்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். தச்சுத் தேனீ 3, பெயர் தெரியாத சின்னது 9, பட்டை ஈ 4, எறும்பு எப்போதும்போல. பிஞ்சுகள் ஏழு நிற்கின்றன, இரண்டு விழுந்துவிட்டன. தூரிகை குழாய் வீட்டின் கூரையில் ஒட்டடை தட்ட உதவுகிறது.